ஜெர்மனி விடுதிச் சமையலறையில் பொங்கல்: பால் பொங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி ஒரு வழிகாட்டி

பாம்பன், மண்டபம், தேவிபட்டினம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி என்று நம்ம இராமநாதபுரம் மாவட்டத்துக் கரையோர ஊர்களிலிருந்து ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் செப்டம்பரில் கிளம்புவார்கள். ஜனவரி பிறந்ததும் அவர்களிடமிருந்து எனக்குச் செய்தி வர ஆரம்பிக்கும்: "அண்ணே, விடுதியில பொங்கல் வைக்கலாமா? கூடப் படிக்கிற வெள்ளக்காரப் பிள்ளைகளையும் கூப்பிடணும், எதிலேர்ந்து ஆரம்பிக்கிறது?" நானும் அதே மாதிரி விடுதியில் இருந்து பொங்கல் வைத்தவன்தான். புதிதாக வருகிறவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதையும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எல்லாருக்கும் தனித்தனியாக எழுதுவதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்று. பெரும்பாலானவர்கள் மளிகைப் பட்டியலில் ஆரம்பிக்கிறார்கள், சறுக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. புது நண்பர்கள் பொங்கலில் அவசியம் பார்க்க வேண்டியது பால் பொங்கி வழிகிற அந்தச் சில நொடிகளைத்தான். அதற்கு ஒரு நேரம் குறித்துவிட்டு மற்ற வேலைகளையெல்லாம் அதிலிருந்து பின்னோக்கி அடுக்கினால், பாதிக் குழப்பம் தானாகவே போய்விடும்.

1. பெட்டி கட்டும்போது: எது போகும், எது போகாது

அம்மாக்கள் நெய் பாட்டிலையும் பால்கோவாவையும் துணிக்கு நடுவில் செருகி அனுப்புவார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து வரும் பயணி பால் பொருளோ இறைச்சியோ கொண்டுவரக் கூடாது. சுங்கத்தில் பெட்டியைத் திறந்தால் அது குப்பைக்குத்தான். நெய் அங்கேயே நல்லதாகக் கிடைக்கிறது, அதனால் விட்டுவிடுங்கள்.

பச்சையான இலை, கிழங்கு, காய், பழம் எதுவானாலும் தாவரநலச் சான்றிதழ் (நோயும் பூச்சியும் இல்லை என்ற அரசுச் சான்று) வேண்டும், 2019 டிசம்பரிலிருந்து விதி அப்படி. அன்னாசி, தேங்காய், துரியன், வாழைப்பழம், பேரீச்சை இந்த ஐந்துக்கு மட்டும் விலக்கு உண்டு. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்கு வந்துவிட்டு ஜனவரியில் திரும்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் அப்போதுதான் மஞ்சள் கொத்து, கரும்பு, பனங்கிழங்கு, கறிவேப்பிலை, மாவிலை எல்லாம் வீட்டில் கையெட்டும் தூரத்தில் கிடக்கும், ஆசையும் வரும். எதுவும் வேண்டாம்.

கற்பூரமும் கொப்பரைத் தேங்காயும் விமானத்துக்கே ஆகாது. கற்பூரம் எளிதில் தீப்பிடிக்கும் பொருள், கொப்பரை எண்ணெய்ச் சத்தால் தானாகவே சூடேறிப் பற்றக்கூடிய வகை. மதுரையிலோ சென்னையிலோ பெட்டியைப் பிரிக்கச் சொன்னால் வரிசையே உங்களுக்காக நிற்கும்.

எடுத்துக்கொள்ள வேண்டியது கொஞ்சம்தான். ஒரு கிலோ கருப்பட்டி, காற்றுப் புகாமல் இரண்டு உறையில் போட்டு. கால் கிலோ முண்டு வத்தல், அதாவது உருண்டை மிளகாய் வத்தல் (நம்ம மாவட்டத்து முண்டுக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது, விருந்தில் சொல்லிக்கொள்ளலாம்). ஏலக்காய், சுக்கு, நல்ல மஞ்சள்தூள். நாலைந்து சின்ன ஓலைக் கொட்டான் (பனையோலையில் முடைந்த பெட்டி), எடையே இருக்காது, முந்திரி திராட்சை வைக்கவும் பிறகு நண்பர்களுக்குக் கொடுக்கவும் ஆகும். அரிசியும் பருப்பும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நம்ம பக்கத்துச் சிவப்பு அரிசியான சித்திரைக்காரில் சர்க்கரைப் பொங்கல் வைத்தே தீருவேன் என்கிறவர் அரைக் கிலோ எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அது வேக அதிக நேரம் எடுக்கும், முந்தின இரவே ஊறப்போட வேண்டும்.

கருவாடு? எல்லாரும் கேட்பது இது. மீனும் உலர்மீனும் ஒருவருக்கு 20 கிலோ வரை கொண்டுபோக விதி இடம் கொடுக்கிறது. சுங்கம் விட்டாலும் பக்கத்து அறைக்காரர் விடமாட்டார். பொதுச் சமையலறையில் நெத்திலிக் கருவாட்டை வறுத்துவிட்டு அதே வாரத்தில் அதே சமையலறையைப் பொங்கலுக்குக் கேட்டால் கிடைக்காது, அவ்வளவுதான் சொல்வேன்.

2. நாள் குறிப்பது

தை 1 ஜனவரி 14 அல்லது 15-ல் வரும். 2026-ல் அது 15, வியாழக்கிழமை. குளிர்காலப் பருவத்து வகுப்புகள் பிப்ரவரி வரை ஓடும், தேர்வும் நெருங்கிக்கொண்டிருக்கும், அதனால் வார நாளில் பத்துப் பேரைத் திரட்ட முடியாது. திரட்டினாலும் பாதிப் பேர் ஆய்வகத்துக்கு ஓட வேண்டியிருக்கும், நீங்கள் பால் காய்ச்சும்போது அவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

ஆகவே இரண்டாகப் பிரியுங்கள். பொங்கலன்று காலையில் உங்கள் தளத்தில் இருக்கிறவர்களோடு ஒரு சின்னப் பாத்திரத்தில் பால் பொங்க வைத்து ஆளுக்கு ஒரு கரண்டி. விருந்து அதற்கடுத்த சனிக்கிழமை. ஞாயிறு வேண்டாம். ஜெர்மனியில் ஞாயிறன்று கடைகள் அடைப்பு, ஒரு பாக்கெட் பால் குறைந்தாலும் வாங்க இடமிருக்காது, சத்தம் போடக் கூடாத நாளும் அதுதான். குலவை போட்டால் மேல்மாடியிலிருந்து ஆள் இறங்கி வருவார்.

நேரம்: சனிக்கிழமை காலை 11.30. அங்கே ஜனவரி நடுவில் சூரியன் உதிக்கவே எட்டு மணி போல ஆகிவிடும், விடியலில் பொங்கல் என்றால் யாரும் வரமாட்டார்கள். 11.30-க்கு வெளிச்சம் நன்றாக இருக்கும், தெற்குப் பார்த்த ஜன்னல் என்றால் வெயிலே விழலாம். குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். அப்போது ஊரில் மாலை 4 மணி, சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வீட்டில் எல்லாரும் வீடியோவில் உட்கார வசதியான நேரம். இராகு காலம் பார்க்கிற வீடு என்றால் சனிக்கிழமை 9 முதல் 10.30 வரைதான், அதையும் தாண்டியாயிற்று.

3. சமையலறையைக் கேட்டு வாங்குங்கள், அதுவும் முதலில்

அழைப்பு அனுப்புவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். விடுதியில் ஒரு தளத்துக்கு ஒரு சமையலறை, பத்துப் பதினைந்து பேருக்குப் பொது, நாலு அடுப்பு. சனிக்கிழமை மதியம் அதில் இன்னும் மூன்று பேர் பாஸ்தா வேகவைக்க வருவார்கள். இரண்டு வாரம் முன்பே தளத்தின் குழுவில் எழுதுங்கள்: எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை பேர் வருவார்கள், எத்தனை மணிக்குச் சுத்தம் செய்து ஒப்படைப்பீர்கள். கடைசித் தகவல் முக்கியம், அதைப் பார்த்தபின்தான் பலர் சரி சொல்வார்கள். தளத்தில் உள்ள எல்லாருக்கும் அழைப்பும் உண்டு என்று சேர்த்துவிடுங்கள், சாப்பிட வருகிறவர் புகார் எழுதமாட்டார்.

விடுதியைப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ்மைஸ்டருக்கும் ஒரு வரி மின்னஞ்சல் போடுங்கள். பொது அறை ஏதாவது இருந்தால் அதை அவரே திறந்துவிடுவார், சாப்பிட உட்கார அதுதான் இடம்.

வெளியில் முற்றத்தில் கல் கூட்டி அடுப்பு வைக்கலாம் என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது கேட்கிறார்கள். பனை மட்டையில் எரித்துப் பழகிய நமக்கு அது இயல்பாகத் தோன்றும். ஜனவரிக் குளிரில் ஈரத் தரையில் அது எரியாது, எரிந்தாலும் அனுமதி இல்லாத நெருப்பு. விட்டுவிடுங்கள்.

4. அடுப்பைப் பார்த்துவிட்டுப் பானையைத் தேடுங்கள்

கேஸ் அடுப்பு அபூர்வம். பெரும்பாலும் இரண்டு வகைதான் இருக்கும்: கண்ணாடித் தட்டுக்குக் கீழே கம்பி சூடாகிற வகை, இல்லாவிட்டால் இண்டக்‌ஷன். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் பானை விஷயத்தில் வேறு வேறு. இண்டக்‌ஷனில் பித்தளை, வெண்கலம், அலுமினியம், மண்பானை எதுவும் சூடாகாது. சில்வர் பாத்திரத்திலும் சிலது வேலை செய்யாது. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்துப் பாத்திரத்தின் அடியில் வையுங்கள், ஒட்டினால் ஆகும்.

ஏர்வாடித் தம்பி ஒருவன் பாட்டியின் வெண்கலப் பானையை அங்கே வரை தூக்கிக்கொண்டு போய், பன்னிரண்டு பேர் சுற்றி நிற்க அடுப்பில் வைத்தான். அடுப்பு மூன்று முறை கீ கீ என்று கத்திவிட்டு அணைந்தது. அந்தப் பானைக்கு மஞ்சள் கட்டி, பூ வைத்து, ஜன்னலோரம் வைக்கலாம். பால் வேறு பாத்திரத்தில்.

பன்னிரண்டு பேருக்கு மூன்று பாத்திரம் வேண்டும். பால் பொங்க ஒன்றரை லிட்டர் அளவில் குறுகலாக ஒன்று. சர்க்கரைப் பொங்கலுக்கு அடிகனமான ஐந்து லிட்டர். வெண்பொங்கலுக்கு ஏழு லிட்டர். பெரிய பானை பெரும்பாலும் பக்கத்துத் தளத்தில் யாரிடமாவது இருக்கும், ஒரு வாரம் முன்பே சொல்லி வையுங்கள்.

5. அழைப்பு

நாலு அடுப்பு உள்ள சமையலறைக்குப் பன்னிரண்டு பேர் போதும். இருபத்தைந்து பேரைக் கூப்பிட்டால் பின்வரிசைக்காரருக்குப் பால் பொங்கியதே தெரியாது, கைதட்டல் மட்டும் கேட்கும்.

என்ன எழுத வேண்டும் என்றால், ஏறக்குறைய இப்படி: "சனிக்கிழமை காலை 11 மணி, மூன்றாம் மாடிச் சமையலறை. எங்கள் ஊர் அறுவடைத் திருநாள். சரியாக 11.30-க்குப் பால் பொங்கும், அதை விட்டால் மறுபடி காட்ட முடியாது. சாப்பாடு 12.30, சைவம். 3 மணிக்கு முடிந்துவிடும். எதையாவது சாப்பிட மாட்டீர்கள் என்றால், எது ஒத்துக்கொள்ளாது என்றால், புதன்கிழமைக்குள் சொல்லுங்கள்." முடியும் நேரத்தைப் போடுவது நமக்கு மரியாதைக் குறைவாகத் தோன்றும். அங்கே அது உதவி, அன்றைக்கு மிச்சமிருக்கும் நேரத்தை அவர்கள் திட்டமிட்டுக்கொள்வார்கள். ஜெர்மன்காரர் 11 என்றால் 10.58-க்குக் கதவருகே நிற்பார், நம்மவர்கள் 11.40-க்கு "எங்கடா வரணும்" என்று போன் போடுவார்கள். நம்மவர்களுக்கு மட்டும் 10.30 என்று சொல்லுங்கள்.

ஒத்துக்கொள்ளாமையை விளையாட்டாக எடுக்காதீர்கள். முந்திரி சிலருக்கு உயிருக்கே ஆபத்து. அதனால் முந்திரியைப் பொங்கலில் கலக்காமல் தனியாக வறுத்துக் கொட்டானில் வையுங்கள், வேண்டியவர் போட்டுக்கொள்ளட்டும், கரண்டியும் தனி. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர் வருகிறார் என்றால் பெருங்காயத் தூளின் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள், பெரும்பாலான தூளில் கோதுமை மாவு சேர்த்திருப்பார்கள். இதை நம்மில் பாதிப் பேர் கவனிப்பதே இல்லை. பாலும் நெய்யும் தொடாத வீகன் நண்பருக்கு ஒரு சின்னப் பாத்திரத்தில் தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் போட்டுத் தனிப் பொங்கல், தேங்காய் எண்ணெயில் திராட்சை வறுத்துப் போட்டால் அது அசல் பொங்கலுக்கு எந்த விதத்திலும் குறையாது.

சைவம் என்று வைத்துவிட்டால் ஹலால் கேள்வி வராது, மாட்டிறைச்சி, பன்றி இறைச்சிக் கேள்வியும் வராது. நம்ம கரையிலிருந்து போகிற கூட்டமே கீழக்கரைப் பையன், பாம்பன் கிறித்தவப் பெண், தேவிபட்டினத்துப் பிள்ளை என்று கலந்துதான் இருக்கும், பூசைப் பகுதியை எவ்வளவு வைப்பது என்று உங்களுக்குள் முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். பானைக்கு மஞ்சள் கட்டுவது, சூரியனுக்கு முதல் கரண்டி எடுத்து வைப்பது வரை யாருக்கும் சங்கடம் வந்து நான் பார்க்கவில்லை.

"நான் என்ன கொண்டுவரட்டும்?" என்று எல்லாரும் கேட்பார்கள். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், வெறுங்கையோடு வர அவர்களுக்குக் கூச்சம். பழம், பழச்சாறு, தட்டு, நாற்காலி என்று பிரித்துக் கொடுங்கள். சொல்லாமல் விட்டால் பீரும் வைனும் வரும், வேண்டாம் என்றால் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

6. கடைக்குப் போவது

கொஞ்சம் பெரிய ஊர் எதிலும் ஈழத்தமிழர் கடை இருக்கும். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், நெய், கறிவேப்பிலை, தேங்காய் எல்லாம் அங்கே முடிந்துவிடும். பொங்கல் வாரத்தில் கரும்பும் வரும், ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடும், ஒரு வாரம் முன்பே போன் செய்து எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பொங்கலுக்கு மறுநாள் போனால் வாழையிலைகூட இருக்காது.

கடை இல்லாத சின்ன ஊர் என்றால் சூப்பர் மார்க்கெட்டிலேயே சமாளிக்கலாம். பச்சரிசிக்குப் பதில் மில்ஷ்ரைஸ் என்று விற்கும் குட்டை அரிசி, பாலில் நன்றாகக் குழையும். பாஸ்மதி வேண்டாம், எவ்வளவு வெந்தாலும் தனித்தனியாகவே நிற்கும். நெய்க்குப் பதில் பட்டர்ஷ்மால்ட்ஸ், அது உருக்கிய வெண்ணெய்தான். பால் 3.5 சதவீதக் கொழுப்புள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

பன்னிரண்டு பேருக்கு அளவு. சர்க்கரைப் பொங்கல்: பச்சரிசி 300 கிராம், பாசிப்பருப்பு 100 கிராம், பால் அரை லிட்டர், தண்ணீர் ஒன்றரை லிட்டர், வெல்லமும் கருப்பட்டியும் சேர்த்து 400 கிராம், நெய் 100 கிராம், முந்திரி 100, திராட்சை 50, ஏலக்காய் ஏழெட்டு. வீட்டில் இதற்கு இன்னும் இனிப்புப் போடுவோம், அங்கே இந்த அளவே பலருக்கு அதிகம். வெண்பொங்கல்: அரிசி 500 கிராம், பருப்பு 170 கிராம், தண்ணீர் மூன்றரை லிட்டர், மிளகு, சீரகம், இஞ்சி. கூட ஒரு பல காய்க் குழம்பு: பூசணி, சர்க்கரைவள்ளி, அவரை, கத்தரி. மொச்சை கிடைக்காவிட்டால் வேறு பயறு போட்டுக்கொள்ளலாம், யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள்.

7. வெள்ளிக்கிழமை இரவு: புகையும் வாசனையும் உள்ள வேலையெல்லாம் இன்றே

விடுதி அறையிலும் நடைபாதையிலும், பல இடங்களில் சமையலறையிலும் புகை உணரும் கருவி இருக்கும். பருப்பு வறுப்பது, வத்தல் வறுப்பது, தாளிப்பது, சாம்பிராணி, எல்லாவற்றுக்கும் அது அலறும். அது அலறினால் பல விடுதிகளில் கட்டடமே காலியாகும், தீயணைப்பு வண்டி வரும், சில இடங்களில் அந்தச் செலவை உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள். விருந்தாளிகள் பூஜ்யத்துக்குக் கீழே குளிரில் செருப்போடு நிற்பார்கள். கருவியைப் பிளாஸ்டிக் உறை போட்டு மூடும் யோசனை யாருக்காவது வந்தால் உடனே தடுத்துவிடுங்கள், அது பெரிய தப்பு, ஆபத்தும்கூட.

ஆகவே முந்தின இரவே ஜன்னலைத் திறந்து, நடைபாதைக் கதவை மூடி, புகைபோக்கியை முழு வேகத்தில் ஓடவிட்டு, குறைந்த சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் பருப்பை வறுத்து வைத்துக்கொள்ளுங்கள். வத்தலையும் மல்லியையும் வறுக்கும்போது பொறுமை இன்னும் கூட வேண்டும், முண்டு வத்தல் கருகினால் தளம் முழுக்க இருமும். பத்து மணிக்குள் முடியுங்கள், அதற்குப் பிறகு சத்தம் ஆகாது. சாம்பிராணி வேண்டவே வேண்டாம். விளக்குக்குப் பதில் மின்கல விளக்கு. சூடம் காட்டாமல் மனம் ஆறவில்லை என்றால், அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டு வெளியில் போய்க் காட்டுங்கள்.

வெல்லத்தையும் கருப்பட்டியையும் தட்டி, அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி வைத்துவிடுங்கள். மண்ணும் தூசியும் எப்போதும் இருக்கும், மறுநாள் அவசரத்தில் வடிகட்ட மறந்தால் நறநறக்கும். காய் நறுக்குவதும் இன்றே. முந்திரி திராட்சையை நெய்யில் வறுத்துத் தனித்தனிக் கிண்ணத்தில் மூடி வையுங்கள்.

8. சனிக்கிழமை, 9 முதல் 11 வரை

9 மணிக்குக் குழம்பு அடுப்பில் ஏற வேண்டும், 9.30-க்கு வெண்பொங்கல். இரண்டும் 10.45-க்குள் இறங்கிவிட வேண்டும். காரணம் எளிது: பால் பொங்கியபின் சர்க்கரைப் பொங்கல் தயாராக முக்கால் மணி நேரம் ஆகும், மற்றச் சமையலையும் அதற்குப் பிறகு வைத்துக்கொண்டால் பன்னிரண்டு பேர் பசியோடு உங்கள் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வெண்பொங்கல் ஆறினால் இறுகும், ஒரு கெட்டில் வெந்நீர் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பரிமாறும்போது ஊற்றிக் கிளறினால் இளகிவிடும். நெய்யில் மிளகு சீரகம் தாளிப்பதையும் குறைந்த சூட்டில் இப்போதே முடித்துவிடலாம்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. எல்லாவற்றையும் முதல் நாளே சமைத்து மூடி வைத்துவிட்டு, வந்தவர்களைச் சாப்பிட மட்டும் கூப்பிடுவது. அது நல்ல சாப்பாடாக இருக்கும், பொங்கலாக இருக்காது. சர்க்கரைப் பொங்கலை மட்டும் கண்டிப்பாக அவர்கள் கண் முன்னால் வையுங்கள்.

9. வந்தவர்களின் கையில் வேலை கொடுங்கள்: கோலம்

11 முதல் 11.25 வரை ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக வருவார்கள், ஒருவரையொருவர் தெரியாது, கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நிற்பார்கள். அந்த நேரத்துக்குத்தான் கோலம். தரையில் அரிசிமாவு வேண்டாம், வழுக்கும், நடைபாதை முழுக்கக் காலில் ஒட்டிக்கொண்டு போகும். பெரிய கறுப்பு அட்டை இரண்டு, வெள்ளை சாக்பீஸ், அவ்வளவுதான். ஐந்துக்கு ஐந்து புள்ளிக் கோலம் ஒன்றை நீங்கள் போட்டுக் காட்டி, அடுத்த அட்டையை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். கணிதம் படிக்கிறவர் ஒருவர் இருந்தால் அதிலேயே மூழ்கிவிடுவார், அவரைப் பால் பொங்கும்போது கையைப் பிடித்து இழுத்து வர வேண்டியிருக்கும்.

விளக்கவுரை இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மழையை நம்பி விதைத்த வயலில் தை மாதம் அறுவடை, புது அரிசியில் முதல் பொங்கல் சூரியனுக்கு, பால் பொங்கி வழிந்தால் எல்லாரும் கத்த வேண்டும். இதுவே போதும். சங்க காலத்தில் ஆரம்பிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் சோழர் காலத்துக்கு வருவதற்குள் பால் தனியாகப் பொங்கி அடங்கிவிட்டது.

"பொங்கலோ பொங்கல்" என்று கத்தவும், குலவை போடவும் இப்போதே ஒத்திகை பாருங்கள். நாக்கை எப்படிச் சுழற்றுவது என்று போனில் அம்மாவே சொல்லிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

10. 11.20: பால்

சின்னப் பாத்திரத்தில் அரை லிட்டர் பாலும், கழுத்து வரை நிரம்பும் அளவுக்குத் தண்ணீரும். வெல்லமோ அரிசியோ இப்போது எதுவும் கூடாது. கண்ணாடி அடுப்பில் இனிப்புக் கலந்த பால் வழிந்து தீய்ந்தால் கண்ணாடியோடு ஒட்டி, ஆறும்போது மேல்பரப்பையே பெயர்த்துக்கொண்டு வரும், அடுப்புக்குக் காசு கட்ட வேண்டும். வெறும் பால் என்றால் சுரண்டினால் போய்விடும்.

பாத்திரத்தைப் பின்பக்க அடுப்பில் வையுங்கள். தொட்டு இயக்கும் பொத்தான்கள் முன்பக்கம் இருக்கும், அவற்றின் மேல் பால் வழிந்தால் அடுப்பு கத்திக்கொண்டு தானாக அணைந்துவிடும், கடைசிக் கட்டத்தில் அது நடந்தால் பெரிய ஏமாற்றம். இண்டக்‌ஷன் என்றால் பாத்திரத்தைச் சுற்றி ஈரத்துணியை வளையமாக வைக்கலாம், வழிவதை அது பிடித்துக்கொள்ளும். தட்டே சூடாகிற வகை என்றால் துணியைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள்.

நடுத்தரச் சூட்டில் ஆரம்பியுங்கள். ஓரத்தில் நுரை கட்டத் தொடங்கியதும் எல்லாரையும் கூப்பிட்டு, குள்ளமானவர்களை முன்னால் நிறுத்தி, வீடியோவில் வீட்டையும் சேர்த்துக்கொண்டு, அப்புறம் சூட்டை முழுதாகக் கூட்டுங்கள். பால் ஏறும் வேகம் அங்கே யாருக்கும் தெரியாது, பொங்கி வழிகிற பாலை அணைக்காமல் விடுவது அவர்கள் பழக்கத்துக்கு நேர் எதிர். யாராவது பதறிப்போய்ப் பாத்திரத்தைத் தூக்கக் கையை நீட்டுவார்கள். முன்பே சொல்லி வையுங்கள்: வழிய வேண்டும், தொடாதீர்கள்.

ஒரு பக்கம் வழிந்ததும் அடுப்பை அணையுங்கள். கத்தி முடியட்டும். எந்தப் பக்கம் வழிந்தது என்று ஊரில் அம்மா கேட்பார், யாராவது ஒருவர் பார்த்து வைக்கட்டும்.

11. அரிசி போடுவது முதல் இறக்குவது வரை

பொங்கிய பாலை ஐந்து லிட்டர் பானைக்கு மாற்றி, மீதித் தண்ணீரைச் சூடாகவே சேர்த்து, அரை மணி நேரம் ஊறிய அரிசியையும் பருப்பையும் பக்கத்தில் கொண்டுவாருங்கள். எல்லாரும் கை கழுவிவிட்டு ஆளுக்கு ஒரு பிடி போடட்டும். விருந்தாளியாக வந்தவர் பங்காளி ஆகிற இடம் இது, இதற்குப் பிறகு யாரும் சுவரோரம் நிற்பதில்லை.

குறைந்த சூட்டில் அரை மணி நேரம் வேகட்டும், அடிக்கடி அடியோடு கிளறுங்கள், பால் அடிப்பிடிக்கும். ஒருவர் மாற்றி ஒருவர் கிளறச் சொல்லலாம். அரிசியை எடுத்து விரலால் நசுக்கினால் மாவாகும்வரை இனிப்பு போடக் கூடாது. வெல்லம் விழுந்துவிட்டால் அதன்பின் அரிசி மென்மையாகாது, எத்தனை மணி நேரம் வைத்தாலும் நடுவில் ஒரு கல் இருக்கும். புதியவர்கள் செய்யும் தவறுகளில் இதுதான் அதிகம், ஏனென்றால் நேரமாகிறது என்ற பயத்தில் சீக்கிரம் ஊற்றிவிடுகிறார்கள்.

பால் முழுதும் இழுத்துக்கொண்டபின், சூட்டைத் தணித்து, வடிகட்டிய பாகை ஊற்றுங்கள். தளதளவென்று கொதிக்கிற பாலில் ஊற்றினால் திரிந்துவிட வாய்ப்புண்டு. நெய்யை இரண்டு மூன்று தவணையாக விட்டுக் கிளறி, ஏலக்காயும் சுக்கும் தூவி இறக்குங்கள். கொஞ்சம் தளர இருக்கும்போதே இறக்க வேண்டும், ஆறும்போது இறுகிக்கொள்ளும்.

12. பரிமாறுவது

முதல் கரண்டி ஜன்னலோரம், பானைக்குப் பக்கத்தில். அப்புறம் சாப்பாடு. எல்லாவற்றிலும் கொஞ்சமாக வையுங்கள், புது ருசியைத் தட்டு நிறையப் பார்த்தால் மலைத்துப்போவார்கள், மிச்சம் வைக்கவும் கூச்சப்படுவார்கள். மிளகு கடிபடும் என்பதைச் சொல்லிவிடுங்கள். கையால் சாப்பிட வற்புறுத்த வேண்டாம், கரண்டியும் வைத்திருங்கள், நீங்கள் கையால் சாப்பிட ஆரம்பித்தால் இரண்டு பேர் தானாக முயற்சி செய்வார்கள்.

கரும்பைத் தோல் சீவி, விரல் நீளத்துக்கு நறுக்கிக் கொடுங்கள். முழுத் துண்டைக் கொடுத்தால் எங்கே கடிப்பது என்று தெரியாது, மென்ற சக்கையை விழுங்குகிறவர்களும் உண்டு. துப்ப ஒரு கிண்ணம் வைத்து, நீங்கள் முதலில் துப்பிக் காட்ட வேண்டும்.

13. மூன்று மணிக்குச் சமையலறை

அடுப்பில் இனிப்பு எங்காவது சிந்தியிருந்தால் அதை மட்டும் மூன்று மணி வரை விடாதீர்கள், சிந்தியதுமே எடுக்க வேண்டும். அடுப்பை அணைத்து, சூடு இருக்கும்போதே கண்ணாடி சுரண்டும் தகட்டால் எடுத்துவிடுங்கள். வெறும் பால் வழிந்த இடத்தை ஆறியபின் பார்த்துக்கொள்ளலாம். நெய் ஒட்டிய பாத்திரத்தைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள், நெய்யைத் தொட்டியில் ஊற்றினால் குளிர்காலத்தில் குழாயிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். காய்த்தோல் மட்கும் குப்பைக்கு, அதில் பிளாஸ்டிக் உறை போகக் கூடாது.

மிச்சமான பொங்கலைச் சின்ன டப்பாக்களில் போட்டு, வர முடியாத தளத்துக்காரர்களுக்கும் ஹவுஸ்மைஸ்டருக்கும் அன்றே கொடுத்துவிடுங்கள், பால் சேர்ந்தது, குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. எந்த டப்பாவில் முந்திரி கலந்திருக்கிறது என்று மேலே எழுதி ஒட்டுங்கள். இரவல் வாங்கிய பெரிய பானையை ஞாயிற்றுக்கிழமைக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், வெறும் பானையாகக் கொடுக்க வேண்டாம், மீதி இருக்கிற கருப்பட்டியில் ஒரு துண்டையாவது உள்ளே போட்டுக் கொடுங்கள்.